அக்கா படத்துக்கு முன் எரிந்த பல்பு

உயிரோடு இருக்கும் என் அக்காவின் படத்துக்கு மாலை போட்டு, அதன் முன்னால் அணையாத விளக்கு ஒன்றை வைத்துவிட்டு வந்தவன் நான். அது பதினொரு நாள் இரவும் பகலும் எரிந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, முட்டாள்தனத்தால் நடந்தது என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் உடனே நம்பிவிடுகிறார்கள். ஐம்பத்து மூன்று வயதில், மூன்று அலமாரி நிறையப் புத்தகங்களோடு, ஊரில் நான் சம்பாதித்து வைத்திருக்கும் நல்லபெயர் அதுதான்.

அக்கா மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தவள். முதலில் கையால், பிறகு கத்தரியால். ஓய்வு பெற்ற பிறகும் லைன் என்று சொல்லும் அதே தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசி வீட்டில், தனியாக இருக்கிறாள். வீடு தோட்டத்துடையது. வேலை முடிந்தவர்கள் சாகும்வரை இருந்துகொள்ளலாம் என்பது எங்கும் எழுதப்படாத சலுகை. நான் இருப்பது கீழே ஈப்போ நகரத்தில். பள்ளிப் பயிற்சி நூல்களுக்குப் பிழை திருத்துகிறேன். அடுத்தவர் பிழைகளை மட்டும்.

புதிதாக வந்த துரை ஆபீஸ் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். துரை என்றால் மேனேஜர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் அந்தப் பட்டம் மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. பதினான்கு நாளுக்கு மேல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்று அறிவிப்பு சொன்னது. லைனின் நடுவீட்டுக் கிழவர் அதைப் படிக்காமல் ஜொகூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். அவர் வீட்டுக் கொடியில் யாருடைய சட்டைகளோ காய்ந்துகொண்டிருந்தன. அன்றைக்கு அக்காவுக்கு வந்த பயம் பிறகு போகவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய முட்டி அறுவைக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்தது. நெடுநாள் காத்திருந்து கிடைத்த தேதி. அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் மலை ஏறக்கூடாது, படி ஏறக்கூடாது என்றார்கள்.

"வேணாம்டா," என்றாள் அக்கா. "முட்டி போனா போகட்டும். வீடு போனா நான் எங்க போவேன்?"

"என் வீட்டுக்கு வா."

"உன் வீட்டுல புத்தகத்துக்கே இடம் பத்தல. என்னையும் அலமாரியில அடுக்குவியா?"

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுப்பது, சாயங்காலம் விளக்குப் போட்டு அணைக்கச் சொல்வது, ஆபீஸில் கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது. கிராணி என்பவர் தோட்டத்துக் கணக்கர். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். பக்கத்து வீட்டுக்காரிக்கும் அக்காவுக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. காரணம் லோங்காங். வீட்டு வாசலுக்கு முன்னால் ஓடும் சாக்கடையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். லைனில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலுக்கு நேரே உள்ள லோங்காங்கை சனிக்கிழமை காலையில் தேய்த்துக் கழுவ வேண்டும். யார் துண்டு எங்கே முடிகிறது, யாருடைய பாசி யார் பக்கம் ஒதுங்கியது என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு.

"பேசாட்டி என்ன? சாவி குடுத்தா செய்வா," என்றாள் அக்கா.

நான் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னால் லைன் முழுக்கத் தெரியும், கிராணியிடம் சொன்னால் துரையிடம் சொன்ன மாதிரி, ஒரு பூனைக்குக்கூடத் தெரியக்கூடாது என்றேன். வீட்டில் ஆள் இருப்பது போல ஈப்போவிலிருந்தே நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அக்கா நேர்மையானவள், யாராவது போன் பண்ணிக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள். அதனால் அவள் போனையும் அணைத்து என் மேசை இழுப்பறையில் போட்டேன். சதித்திட்டம் என்றால் எல்லாப் பக்கமும் அடைக்க வேண்டுமல்லவா.

திட்டம் இது. தோட்டத்துக்குக் கம்பிவழி இணையம் வரவில்லை, நாங்கள் பிழைத்திருக்கும்வரை வரவும் வராது. ஆகவே கைபேசிக் கோபுரத்திலிருந்து இணையம் வாங்கும் வெள்ளைப் பெட்டி ஒன்று. உள்ளே சிம் கார்டு போட்டது. இணையத்தோடு பேசும் பல்பு ஒன்று. கேமரா ஒன்று. ஈப்போவில் உட்கார்ந்து சாயங்காலம் பல்பைப் போடுவேன், இரவில் அணைப்பேன், விடியலில் மறுபடி போடுவேன்.

நேரம் குறித்துவைத்தால் பல்பு தானே எரிந்து தானே அணையுமே என்று கேட்கலாம். என் மருமகன் கேட்டான். நான் அவனைப் பரிதாபமாகப் பார்த்தேன். மனிதர் வாழும் வீட்டில் விளக்கு தினமும் ஒரே நிமிஷத்தில் எரியுமா? யதார்த்தம் என்று ஒன்று இருக்கிறதே. அக்கா சிலநாள் சீக்கிரம் படுப்பாள், சிலநாள் நாடகம் பார்ப்பாள். அந்த ஏற்ற இறக்கத்தை என் கையால்தான் கொண்டுவர வேண்டும். நாவல் படித்துக் கெட்டவர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள்.

பல்பு செய்த கம்பெனியே ஒரு செயலி கொடுத்திருந்தது. அதைப் போனில் ஏற்றினேன். நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டது. என் போனில் உள்ள பெயர்களை எல்லாம் பார்க்கட்டுமா என்று கேட்டது. பிறந்தநாள் கேட்டது. ஒரு பல்புக்கு என் பிறந்தநாள் எதற்கு? அருவருப்பாக இருந்தது. எங்கோ வெளிநாட்டில் ஒருவன் என் அக்கா எத்தனை மணிக்கு விளக்கணைக்கிறாள் என்று குறித்துவைப்பதா என்று அந்தச் செயலியைத் தூக்கி எறிந்தேன். அது இருந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும் என்பதைப் பிற்பாடு பலபேர் எனக்கு விளக்கினார்கள். நானோ என் பழைய மடிக்கணினி ஒன்றை அக்கா வீட்டில் வைத்து, பல்பும் கேமராவும் அதற்கு மட்டும் கட்டுப்படும்படி அமைத்து, ஈப்போவிலிருந்து நேராக அந்தக் கணினிக்குக் கட்டளை அனுப்புவதாக முடிவு செய்தேன். இரண்டு வாரம் இதைப் பற்றிப் படித்தேன். படிப்பதில் நான் எப்போதும் குறை வைத்ததில்லை.

அறுவைக்கு முந்தின நாள் அக்காவை அழைத்துவர மேலே போனேன். பெட்டியைச் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் அதை ஈப்போ முகவரியில் வாங்கியிருந்தேன். அந்த முகவரிக்குப் பக்கத்திலுள்ள கோபுரத்தை விட்டால் வேறு எங்கும் வேலை செய்யாது என்று பூட்டுப் போட்டிருக்கிறார்களாம். வீட்டு இணையம் என்றால் வீட்டை விட்டு நகரக்கூடாது. கயிறு போட்டுக் கட்டிய மாடு போல. கம்பி இல்லாதது என்றுதான் விளம்பரத்தில் ஒரு குடும்பமே பல்லைக் காட்டுகிறது.

கடைத்தெரு இருக்கும் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்குக்குப் போனேன். வியாழக்கிழமை, ஆனால் பள்ளி விடுமுறை. கீழே சமவெளியிலிருந்து வந்த கார்கள், எங்கள் பேச்சில் காடிகள், ஒன்றன் பின்னால் ஒன்றாக மலைமேல் புகைவிட்டுக்கொண்டு நின்றன. உள்ளே ஸ்ட்ராபெரித் தொப்பி போட்ட பெரிய மனிதர்கள். ஸ்ட்ராபெரித் தலையணை, ஸ்ட்ராபெரி சாவிவளையம். ஒரு பழத்தை இவ்வளவு கேவலப்படுத்தி நான் பார்த்ததில்லை. பதினைந்து நிமிஷப் பாதைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. போன் கடை நடத்தும் சீனத்து அம்மாள் தோட்டத்து ஆட்களோடு பழகி நன்றாகவே தமிழ் பேசுவாள்.

"அங்கிள், அட்ரஸ் மாத்தணும் லா. உங்க வீடு என்னா ஜாலான்?"

"ஜாலான், தெரு எல்லாம் இல்லை. லைன் வீடு. கடைசி வீடு."

அவள் கணினியில் தேடினாள். அந்தப் பட்டியலில் ஓட்டல் இருந்தது, பூந்தோட்டம் இருந்தது, ஸ்ட்ராபெரிப் பண்ணைகள் எல்லாம் இருந்தன. நூறு வருஷமாக ஆள் குடியிருக்கும் லைன் இல்லை.

"இந்த லிஸ்ட்ல உங்க வீடு தாடா, இல்ல. சூசா லா, கஷ்டம்," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "என் கடை அட்ரஸ் போடறேன். டவர் ஒண்ணுதான். போலே, முடியும்," என்றாள். அப்படி என் அக்காவின் வீடு இணைய உலகத்தில் ஒரு போன் கடையாகப் பதிவானது.

மறுபடி வீடு. பெட்டிக்குச் சிக்னல் கிடைத்தது ஒரே இடத்தில்தான். முன்னறை ஜன்னலுக்கு நேரே உள்ள அலமாரித் தட்டு. அதற்கு மேலே சுவரில் அக்காவின் படம். நீண்டகாலச் சேவைக்காகப் பழைய துரை அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தபோது எடுத்தது. மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்து துரை இருந்த பாதி அழிந்துபோய், மிச்சமிருந்த அக்காவை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டிருந்தாள். தட்டில் பெட்டி, பக்கத்தில் கணினி, முன்னால் சின்ன மேசை விளக்கில் அந்தப் பல்பு. வெளிச்சம் வெளியே தெரியட்டும் என்று திரையைக் கொஞ்சம் விலக்கினேன். கேமராவைப் படச்சட்டத்தின் ஓரத்தில், ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துப் பொருத்தினேன். அதன் வயர் அசிங்கமாகத் தொங்கியது. யாராவது எட்டிப் பார்த்தால் சந்தேகம் வருமே. அந்த விழாவில் போட்ட சந்தன மாலை பீரோ மேல் பிளாஸ்டிக் பையில் இருந்தது. எடுத்துப் படத்துக்கு மாட்டினேன். கேமரா, வயர் எல்லாம் மறைந்தது. இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்து, பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா அப்போது காடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் பார்த்திருந்தால் அங்கேயே ஒரு அறை விழுந்து கதை முடிந்திருக்கும்.

வாசலில் நின்று போனை எடுத்துச் சோதித்தேன். அணை என்றேன், அணைந்தது. எரி என்றேன், எரிந்தது. கேமராவில் என் முகமே தெரிந்தது, பெருமையில் ஊதியிருந்தது. என் போன் அப்போது அந்த வெள்ளைப் பெட்டியின் வைஃபையிலேயே இருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டு வீட்டுக்குள்ளேயே பதில் கேட்டிருக்கிறேன். அன்று இரவு ஈப்போவிலிருந்து முதல்முறையாக அணைக்கும் இன்பத்துக்காகப் பல்பை எரியவிட்டே கிளம்பினேன்.

இரவு போனில் 'அணை' என்பதை அழுத்தினேன். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மழையாக இருக்கும் என்று நினைத்துப் படுத்தேன். காலையிலும் சுற்றியது. அக்காவை அறுவைக்கு உள்ளே அழைத்துப் போனபோதும் சுற்றியது. அவள் மயக்கம் தெளிந்து முதலில் கேட்டது தண்ணீர். அடுத்துக் கேட்டது, "லைட்டு அணைச்சியா?"

"அணைச்சாச்சு," என்றேன்.

அறுவை முடிந்து படுத்திருக்கும் பெண்ணிடம் சொல்லும் முதல் பொய் சுலபமாக வந்துவிடுகிறது. அதற்கப்புறம் தினமும் இரண்டு வேளை சொல்ல வேண்டியிருந்தது.

இணையக் கம்பெனிக்குப் போன் செய்தேன். முதலில் ஒரு பதிவுக்குரல், இன்னும் வேகமான திட்டத்துக்கு மாற ஆசையா என்று கேட்டது. பிறகு கிட்டார் இசை. அந்த இசையை அமைத்தவரை நேரில் பார்க்க எனக்கு ஆசை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் வந்தாள். ஆங்கிலத்தில் தொடங்கி, என் ஆங்கிலத்தைக் கேட்டு, இரக்கப்பட்டுத் தமிழுக்கு வந்தாள்.

"சார், உங்க வீட்டுக்குன்னு தனியா அட்ரஸ் கிடையாது சார். நெட்வொர்க்ல நிறைய வீட்டுக்குச் சேத்து ஒரே நம்பர்தான். உள்ளேர்ந்து வெளிய போகலாம். வெளியேர்ந்து யாரும் உள்ள வர முடியாது."

"என் வீட்டுக்குள் நானே வர முடியாதா?"

"வீட்டுக்குப் போனீங்கன்னா வரலாம் சார்."

அவள் கிண்டல் செய்யவில்லை. தாளில் எழுதியிருப்பதைப் படித்தாள். தனி எண் வேண்டுமென்றால் வணிகத் திட்டம் வேண்டும், வணிகத் திட்டத்துக்குக் கம்பி வேண்டும், உங்கள் பகுதிக்குக் கம்பி இல்லை, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று முடித்தாள்.

அவள் சொன்னதை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். லைன் வீடுகளுக்கு எண் உண்டு, தெரு கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸின் ஒரே தபால்பெட்டிக்கு வரும். நீங்கள் யாருக்காவது எழுதினால் அன்றைய கிராணி குறித்துக்கொள்வார். பதில் வந்தால் இது இன்னார் எழுதியதற்கு வந்தது என்று கண்டுபிடித்துக் கொடுப்பார். நீங்கள் எழுதாமல் தானாக ஒரு கடிதம் வந்தால், பெயர் புரியாவிட்டால், மேசை மூலையில் கிடந்து செல்லரிக்கும். என் கட்டளைகள் எல்லாம் அப்படித்தான் எங்கோ ஒரு மூலையில் கிடந்தன. வெள்ளைப் பெட்டி, வைஃபை, கோபுரம் என்று எத்தனையோ வந்தும், லைன்காரனுக்குத் தனி முகவரி மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.

இதற்கு மாற்றுவழிகள் உண்டா என்று படித்தேன். உண்டு. வீட்டுக் கணினியே வெளியே வந்து நம்மைக் கூப்பிடும்படி செய்யலாம். நல்ல வழிகள், சுலபமான வழிகள். எல்லாமே முதலில் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து செய்ய வேண்டியவை.

இரண்டு மணி நேரம் காடி ஓட்டினால் போய்விடலாம். நான் போகவில்லை. பள்ளி விடுமுறை, மலைப்பாதையில் ஜாம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். அக்காவை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொண்டேன். என் மனைவி என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மை என்னவென்றால், போனால் தோற்றதாகிவிடும். எரியும் விளக்கும் ஆள் இருப்பதன் அடையாளம்தானே என்று முடித்துக்கொண்டேன். விளக்கு எரிவது மட்டுமல்ல, அணைவதும் சேர்ந்ததுதான் அடையாளம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கிராணி கூப்பிட்டார்.

"தம்பி," என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா ஆபீஸ் பாரத்துல தேதி எழுதணும். என்னைக்கு?"

"என்னண்ணே என்னைக்கு?"

"அக்கா."

"அக்கா இட்டிலி சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

மறுமுனையில் தாள் சரசரத்தது.

"அப்ப அந்த விளக்கு?" என்றார் கிராணி.

அவர் சொன்னது இதுதான். அக்கா உன் காடியில் சாய்ந்து படுத்தபடி போனதை லைன் பார்த்தது. அன்றிலிருந்து அவள் போன் எடுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மாலை போட்ட படம், முன்னால் ஒரு விளக்கு, இரவும் பகலும் அணையாமல். வேறு என்ன நினைப்போம்? வீட்டோடு இருந்து காரியம் செய்ய ஆளில்லை, தம்பி விளக்கை மட்டும் ஏற்றிவிட்டுப் போய்விட்டான், படித்தவன், யாரிடமும் சொல்லவில்லை என்று லைன் பேசிக்கொண்டது. பூட்டிய வீட்டுக்குப் பதினான்கு நாள் அவகாசம். இறந்தவர் வீட்டுக்கு அதுவும் கிடையாது. வீட்டைத் திரும்ப எடுக்கும் பாரத்தில் துரை கையெழுத்துப் போட்டுவிட்டார், தேதி மட்டும் காலி. மறுநாள் திங்கள்கிழமை தோட்டத்தின் வேறொரு டிவிஷனிலிருந்து ஒரு குடும்பம் சாமான்களோடு வருகிறது. துரை திங்கள் காலைதான் வருவார், போனில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆளே வந்து நின்றால்தான் நிறுத்த முடியும் என்று முடித்தார்.

நான் போனை வைத்தேன். அக்கா தட்டிலிருந்து தலை தூக்கினாள்.

"யாரு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. பல்பு அணையாததை, தினமும் இரண்டு வேளை சொன்ன பொய்யை, போன் கடை முகவரியை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"பல்ப எங்க வச்ச?"

"உன் படத்துக்குக் கீழ. அங்கதான் சிக்னல் இருந்துச்சு."

"மாலை?"

"வயர் தெரியாம இருக்க."

அவள் கடைசி இட்டிலித் துண்டைச் சட்னியில் தொட்டு வாயில் போட்டு, மென்று விழுங்கி, கையைத் துடைத்தாள்.

"நாளைக்கு பெரட்டுக்குப் போகணும். விடியறதுக்கு முந்தி காடிய எடு," என்றாள்.

பெரட்டு என்பது காலையில் வேலையாட்கள் கூடி நின்று பேர் கொடுக்கும் இடம். துரையும் வருவார், கிராணியும் வருவார். செத்தவள் சாகவில்லை என்று நிரூபிக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. டாக்டர் கூடாது என்றார். அக்கா டாக்டரிடம், "வீடு குடுப்பீங்களா?" என்று போனில் கேட்டாள்.

கம்போங் ராஜா தாண்டும்போது விடிந்தது. திரிங்காப்பில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். தோட்டங்களுக்குப் போட்ட கோழி எருவின் நாற்றம் கண்ணாடியை ஏற்றியும் உள்ளே வந்தது. ஈக்கள் எப்படியோ முன்னதாகவே உள்ளே இருந்தன. ஒவ்வொரு வளைவிலும் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள், முனகவில்லை. அவள் முனகியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். என் மேல் எனக்கு வந்த வெறுப்பு அந்த எருவைவிட மோசமாக நாறியது.

நான்குகால் தாங்கியை ஊன்றி, ஒவ்வொரு அடியாக, அவள் பெரட்டுத் திடலுக்குள் நுழைந்தாள். ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். நேபாளிகள், வங்காளதேசத்தவர், நம் பெண்கள் கொஞ்சம் பேர். பேர் வாசித்துக்கொண்டிருந்த கங்காணியின் குரல் பாதியில் நின்றது. யாரும் அலறவில்லை. ஒரு பெண் மட்டும் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். அக்கா நேராக வரிசையின் கடைசியில் போய் நின்றாள், வேலைக்கு வந்தவள் போல. துரை கிராணியைப் பார்த்தார். கிராணி கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

முதலில் வாய் திறந்தது பக்கத்து வீட்டுக்காரி. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு.

"பதினோரு நாளா உன் லோங்காங்க நான்தான் கழுவுறேன். நீ சாகலன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனா?"

"இனிமே நீ தொட வேணாம்," என்றாள் அக்கா. "எங்க, ஒழுங்காக் கழுவினியான்னு பாக்கணும்."

"பாரு, பாரு. செத்தும் திருந்தல."

இருவரும் அங்கேயே நின்று பாசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கையால் அக்காவின் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்ததை இருவருமே கவனிக்காதது போல இருந்தார்கள்.

துரை பாரத்தை வாங்கிக் குறுக்கே கோடு போட்டார். கீழே கிராணி 'உயிருடன் உள்ளார்' என்று மலாயில் எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சாமான்களோடு வர இருந்த குடும்பத்துக்குப் போன் போட்டு வேறு வீடு சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரி சீட்டு ஒண்ணு காட்டியிருந்தா மூணு மாசம் பூட்டியே வச்சிருக்கலாமே தம்பி. அதுக்குன்னே பாரம் இருக்கு. ஒரு பக்கம்தான்."

"கிராணிகிட்டச் சொல்லலாம்னு நான் சொன்னேன்," என்றாள் அக்கா, லோங்காங் பேச்சை நிறுத்தாமலே.

வீட்டுக்குப் போனோம். லோங்காங் எலும்பு போல வெளுத்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே வாடிய கொத்துப்பூக்கள், ஒரு பொட்டலத்தில் வெற்றிலை. உள்ளே பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பெட்டி தன் நீலக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றது. அதற்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பல்பை அணைக்க நான் பொத்தானை அழுத்தவில்லை, செருகியிருந்த இடத்திலிருந்து பிடுங்கினேன். ஈப்போவிலிருந்து பதினொரு நாள் நான் செய்ய முயன்றது ஒரு நொடியில் முடிந்தது.

மாலையைக் கழற்றியபோது கேமரா கையில் வந்தது. வெளியிலிருந்து யாரும் அதை எட்ட முடியாவிட்டாலும், அது தன் பாட்டுக்கு உள்ளே இருந்த சின்ன அட்டையில் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்திருக்கிறது. அக்காவைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். ஏதாவது ஒன்றாவது வேலை செய்தது என்று காட்டிக்கொள்ளும் ஆசைதான்.

ஒலி இல்லை, படம் மட்டும். ஒவ்வொருவராக வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று நேரே எங்களைப் பார்த்தார்கள். நடுவீட்டை இழந்த கிழவர் குடையோடு வந்து ரொம்ப நேரம் நின்றார். மேல் லைன் கிறிஸ்தவத் தம்பதி சிலுவை போட்டுக்கொண்டார்கள். அக்கா பெயர்கூடத் தெரியாத ஒரு நேபாளி கை கூப்பிவிட்டு வேலைக்கு ஓடினான். கிராணி தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு கோப்பில் ஏதோ எழுதினார். பக்கத்து வீட்டுக்காரி தினமும் துடைப்பத்தோடு வந்தாள். ஆறாம் நாள் லோங்காங்கைக் கழுவி முடித்து, ஜன்னலருகே வந்து, படத்தைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி பேசினாள்.

"திட்டுறா," என்றாள் அக்கா. "வாயைப் பாத்தாலே தெரியுது."

ஒன்றையும் ஓட்டிவிட விடாமல் பதினொரு நாளையும் அவள் பார்த்து முடித்தாள். யார் வந்தார்கள், யார் எந்தச் சேலையில் வந்தார்கள், யார் சும்மா தலையைக் காட்டிவிட்டுப் போனார்கள் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தது தெரிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கேமரா நன்றாகத்தானே எடுத்திருக்கிறது என்று கேட்டேன்.

"எல்லாரும் வந்திருக்காங்க," என்றாள் அக்கா. "நீதான் வரல."